ஃபீல்டு போஸ்டிங்: வீட்டில் இருப்பவர்களின் கேள்விகள்

ராணுவத்தில் பீஸ் ஸ்டேஷனில், அதாவது குடும்பத்தை வைத்துக்கொள்ளக்கூடிய ஊரில், குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடும்பத்தோடு இருந்தவருக்கு, குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங் வந்ததும், மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்புகிறார்கள். கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

என் கணவருக்கு லடாக் போஸ்டிங். சம்பளக் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறார். அது போதும்தானே?
*வாசகி, நெல்லிக்குப்பம்*

போதாது. கார்டு உங்களிடம் இருந்தாலும் அந்தக் கணக்கின் ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும். கார்டு பிளாக் ஆனாலோ, ஆன்லைனில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தாலோ, கணக்கில் ஏதோ தவறாகப் பணம் போனாலோ, அவர் மலை மேல் போஸ்டில் இருக்கும்போது நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். இன்னொருவர் கார்டைப் பயன்படுத்துவதை வங்கி விதி ஏற்பதும் இல்லை. மோசடி நடந்தால் புகார் கொடுக்கும்போது அதுவே எதிராக நிற்கும்.

செய்ய வேண்டியது இது. உங்கள் பெயரில், உங்கள் மொபைல் எண்ணோடு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சம்பளக் கணக்கிலிருந்து மாதாமாதம் அதற்குத் தானாகப் பணம் வரும்படி, லீவு முடிவதற்குள் வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுக்கச் சொல்லுங்கள். தேதியை 1 என்று போடாதீர்கள், 5 என்று போடுங்கள். மற்ற மாதங்களில் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும், மார்ச் சம்பளம் மட்டும் ஏப்ரல் தொடக்கத்தில்தான் ஏறும். 1-ஆம் தேதி வைத்தவர்களுக்கு ஏப்ரலில் பணம் நகராமல் போவது இதனால்தான். வீட்டுக் கடன், வண்டிக் கடன் தவணைத் தேதியையும் இதே கணக்கில் பாருங்கள். ஒரு தவணை திரும்பினால் அபராதத்தோடு அவருடைய கடன் மதிப்பெண்ணும் இறங்கும்.

தொகையை மனக்கணக்கில் முடிவு செய்யாமல், கடந்த 3 மாதச் செலவை எழுதிக் கூட்டி மூன்றால் வகுத்துப் பாருங்கள். கடலூர்ப் பக்கம் மின்கட்டணம் 2 மாதத்துக்கு ஒருமுறை, புதுச்சேரியில் மாதாமாதம். ஜூன் பள்ளிச் செலவும் தீபாவளியும் இந்த மூன்று மாதத்தில் விழாமல் போகலாம், அவற்றுக்குத் தனியாக ஒரு தொகை சேருங்கள்.

அடுத்தது சிம். தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே எடுக்கும். ரயிலில் பதான்கோட் தாண்டியதும் போன் செத்துப்போகிறது என்று பலர் பதறுவதன் காரணம் இவ்வளவுதான். வங்கியில் பதிவான அவருடைய எண்ணைக் கிளம்பும் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றி, பில்லை உங்கள் கணக்கிலிருந்து கட்டுங்கள். அங்கே லோக்கல் சிம் வாங்கிக்கொள்கிறேன் என்று பழைய ப்ரீபெய்டு சிம்மைப் பெட்டியில் போட்டுவிட்டால், 90 நாள் பயன்பாடு இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் வீட்டு ஓ.டி.பி.யும் கூடவே போகும்.

எனக்கு இது ஆறாம் மாதம். பிரசவம் ஜிப்மரில் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அவர் வர முடியாமல் போனால் குழந்தையின் பெயரை ராணுவத்தில் எப்படிச் சேர்ப்பது?
*வாசகி, குறிஞ்சிப்பாடி*

முதலில் ஓர் எல்லைக் கணக்கு. நீங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர். ஆனால் பிறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும். ஜிப்மர் கோரிமேட்டில், உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. குழந்தை அங்கே பிறந்தால் சான்றிதழ் அந்த நகராட்சியிலிருந்து வரும். குறிஞ்சிப்பாடியில் தேடினால் கிடைக்காது. கடலூர் அரசு மருத்துவமனையில் பிறந்தால் தமிழ்நாட்டுப் பதிவு, அதற்கு கிராம சுகாதார செவிலியர் தரும் ஆர்.சி.எச். எண் (கர்ப்பப் பதிவு எண்) வேண்டும். கடைசி மாதத்தில் மருத்துவமனை மாறும் வாய்ப்பு எப்போதும் உண்டு என்பதால், அந்த எண்ணை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.

சான்றிதழ் வந்ததும் அதன் நகலை அவருடைய யூனிட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே கிளார்க் பார்ட் டூ ஆர்டர் போடுவார். திருமணம், குழந்தை பிறப்பு என்று எதுவும் ராணுவப் பதிவில் ஏறுவது இந்த ஆர்டர் வழியாகத்தான். அது ஏறாதவரை, காகிதப்படி அந்தக் குழந்தை அவர் குடும்பத்தில் இல்லை. டிபென்டென்ட் கார்டு, மருத்துவமனை, கல்விப்படி எல்லாம் இதில் தொங்குகின்றன. கல்விப்படி 2024 ஜனவரி முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. மூத்த இரு குழந்தைகளுக்கு உண்டு. ஆர்டர் ஏறிவிட்டதா என்பதை அவர் தன் போனில் ராணுவத்தின் ஹம்ராஸ் செயலியில் பார்க்கலாம். அனுப்பி 2 மாதம் ஆகியும் காணவில்லை என்றால் கிளார்க்கிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியில் நாங்கள் அதிகம் வலியுறுத்த விரும்புவது பெயரின் எழுத்துகளை. நம் ஊரில் கவிதா, லதா, ஜெயந்தி என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ‘த’வுக்கு டி-யோடு ஹெச் சேர்ப்போம். வடக்கத்திக் கிளார்க் ஹெச் போடமாட்டார், ஏனென்றால் அவர் மொழியில் ஹெச் சேர்ந்தால் அது வேறு எழுத்து. அவர் தவறு செய்யவில்லை, தான் அறிந்தபடி எழுதுகிறார். ஆனால் ஆதாரில் ஒரு கவிதாவும் பார்ட் டூ ஆர்டரில் இன்னொரு கவிதாவும் உருவாகிவிடுகிறார்கள். இனிஷியலும் அப்படியே: முன்னால், பின்னால், விரித்து, சுருக்கி என்று நான்கு காகிதத்தில் நான்கு விதம். இன்று இது சின்ன விஷயம். நாளை குடும்ப ஓய்வூதியம் என்று வரும்போது இதே ஒற்றை எழுத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். அவர் பணியில் இருக்கும்போது யூனிட் வழியாகத் திருத்துவது எளிது. ஆகவே மருத்துவமனையில் பிறப்புப் படிவம் நிரப்பும்போதே, அப்பா பெயரை அவருடைய சர்வீஸ் பதிவில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் பெயரைத் திருமணத்துக்குப் போட்ட பார்ட் டூ ஆர்டரோடு ஒப்பிடுங்கள். பிரசவ வலியில் இருப்பவரிடம் நர்ஸ் கேட்டு எழுதும் பெயர்தான் பிறகு பிழையாக நிற்கிறது. கூட வரும் அம்மாவிடமோ நாத்தனாரிடமோ அந்தத் தாள் இருக்கட்டும்.

கணவர் சம்பளம் முழுக்க மாமியார் கணக்குக்குப் போகிறது. எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் கையால் வாங்க வேண்டியிருக்கிறது. கேட்டால் சண்டை. யூனிட்டில் சொல்லலாமா?
*பெயர் வேண்டாம், பண்ருட்டி*

முதல் அடியாகச் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் பெரும்பாலும் திருமணத்துக்கு முன்பு போட்ட ஏற்பாட்டை மாற்றாமல் விட்டிருப்பார். அவருடைய அம்மாவுக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு என்று இரண்டு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போடச் சொல்லுங்கள். யாரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தால் வீட்டில் பாதிச் சண்டை அடங்கும். போனில் அழுதுகொண்டே சொல்லாமல், செலவுக் கணக்கை எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். எல்லைக் காவலில் இருக்கும் மனிதர் அம்மாவா, மனைவியா என்ற வழக்கைத் தீர்க்க முடியாது, ஒரு தொகையைத் தீர்மானிக்க முடியும்.

மாதங்கள் கடந்தும் அவர் பணமே தர மறுத்தால் நிலைமை வேறு. கமாண்டிங் ஆபீசருக்கு எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. மனைவி மக்களின் ஜீவனத்துக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ராணுவச் சட்டம் 1950 இடம் தருகிறது. அப்போது தயங்க வேண்டாம்.

ராணுவத்தில் இருக்கும் மகனுக்குத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். கூரியர்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார். முகவரியில் ஊர் பெயரே இல்லையே?
*ஒரு தாய், வில்லியனூர்*

ஊர் பெயர் இருக்கக் கூடாது, அதுதான் அந்த முகவரியின் நோக்கம். சர்வீஸ் எண், ரேங்க், பெயர், கம்பெனி (யூனிட்டின் உட்பிரிவு), யூனிட், 9-இல் தொடங்கும் 6 இலக்க பின்கோடு, கடைசியில் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) அல்லது 99 ஏ.பி.ஓ. பிரியத்தில் அடைப்புக்குறிக்குள் ‘லே’ என்றோ ‘தவாங்’ என்றோ சேர்த்துவிடாதீர்கள். 56 என்றால் டெல்லி வழியாகவும் 99 என்றால் கொல்கத்தா வழியாகவும் ராணுவத் தபால் பிரிவு கொண்டுபோய்ச் சேர்க்கும். தனியார் கூரியருக்கு அங்கே வழி இல்லை, தபால் நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

வாரக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பண்ருட்டி முந்திரி, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, வத்தல், கைமுறுக்கு நன்றாகப் போய்ச் சேரும். தேங்காய் சேர்ந்த எதுவும் சிக்கு வாடை அடித்துவிடும். கருவாடு வேண்டாம், ஒரு பையில் இருந்து முழு மூட்டைக்கும் வாடை ஏறும்.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இங்கே காற்று அடைத்து ஒட்டிய பாக்கெட் அங்கே பலூன் போல் உப்பி வெடிக்கும். அதனால் பொடிகளைக் காற்றை அழுத்தி வெளியேற்றிய பிறகு இரட்டைப் பையில் போடுங்கள். ஊறுகாயை விளிம்பு வரை நிரப்பாமல் அகல வாய் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிப் பையில் கட்டி, நடுவில் வையுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உடையும். பவர் பேங்க், லைட்டர், ஸ்ப்ரே டப்பா கூடாது, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

சங்கராந்திக்குப் போய்ச் சேர வேண்டியதை நவம்பரிலேயே அனுப்புங்கள். பனிக்காலத்தில் கணவாய்கள் மூடினால் எல்லாம் விமானத்துக்குக் காத்திருக்கும்.

மாமனாருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்தால் கணவரை எப்படி வரவழைப்பது? முன்பு தந்தி கொடுப்பார்களாம்.
*வாசகி, தவளக்குப்பம்*

தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. இப்போது போன்தான், ஆனால் உங்கள் போன் மட்டும் போதாது. யூனிட் உறுதிப்படுத்திக்கொள்ளும். அந்த உறுதியை நீங்களே கையில் கொடுத்துவிட்டால் நேரம் மிச்சம்.

அவர் கிளம்பும் முன் நான்கு எண்களை வாங்கி, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்: கம்பெனியின் சீனியர் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்), யூனிட் டூட்டி போன், ரியர் பார்ட்டி (யூனிட் கிளம்பிய இடத்தில் தங்கும் சிறு குழு) இருந்தால் அதன் எண், பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகம். ரெக்கார்ட்ஸ் எங்கே என்பது படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்கு (மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு) செகந்திராபாத். அவருடைய சர்வீஸ் எண்ணும் ரேங்கும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பெயரை மட்டும் சொன்னால், ஒரே யூனிட்டில் நாலு முருகன் இருப்பார்கள்.

அழைக்கும்போது சொல்ல வேண்டியது: நோயாளி யார், மருத்துவமனை, வார்டு, டாக்டர் பெயர், என்ன நோய், டாக்டர் என்ன சொல்கிறார். மருத்துவமனைச் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். கூடவே ஒருவரைக் கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ, புதுச்சேரியில் சைனிக் (படைவீரர்) நலத்துறைக்கோ அனுப்புங்கள். பெயர் முன்னாள் படைவீரர் என்று இருந்தாலும், பணியில் இருப்பவரின் குடும்பத்துக்கு உதவுவதும் அவர்கள் வேலை. அங்கிருந்து போகும் ஒரு வார்த்தைக்கு யூனிட்டில் மதிப்பு அதிகம்.

லீவு கிடைத்தாலும் மறுநாளே வந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். முன்னணிப் போஸ்டிலிருந்து இறங்கவே ஓரிரு நாள் ஆகலாம். லே விமானம் வானிலையால் ரத்தாகும். அதனால் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து யார் போடுவது, ரத்தம் யார் தருவது, அட்வான்ஸ் எந்தக் கணக்கிலிருந்து என்பதை இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். திரும்பிப் போகும்போதும் அவர் நேராகப் போஸ்டுக்கு ஏற முடியாது. நீண்ட விடுப்பில் கீழே இருந்துவிட்டால், 9,000 அடிக்கு மேல் 12,000 அடி வரை 6 நாள், பிறகு 15,000 அடி வரை 4 நாள், அதற்கும் மேலே போக இன்னும் 4 நாள் உடலைப் பழக்க வேண்டும். ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க’ என்று கெஞ்சி அந்த நாட்களைக் குறைக்கச் செய்யாதீர்கள். நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும்.

சாதாரண ஏக்கத்துக்கு ‘அப்பா சீரியஸ்’ என்று சொல்லி ஒருமுறை வரவழைத்தால், உண்மையில் சீரியஸ் ஆகும் நாளில் அந்தச் சொல்லுக்கு எடை இருக்காது.

பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் வரப்பை வெட்டிவிட்டு, அவரே முந்திக்கொண்டு வழக்கும் போட்டுவிட்டார். கணவர் பெயருக்கு சம்மன் வந்திருக்கிறது. அவர் அருணாசலில் இருக்கிறார். வாங்கலாமா, திருப்பி அனுப்பலாமா?
*வாசகி, பாகூர்*

திருப்பி அனுப்பவே கூடாது. மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும், ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள்; எழுத்துமூலப் பதிலுரைக்கு 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை.

படைவீரருக்கு இங்கே மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன. வக்கீல்களிலும் பலர் இவற்றை நினைவில் வைத்திருப்பதில்லை, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28-ஆம் கட்டளை. விடுப்பு கிடைக்காத படைவீரர், தனக்காக வழக்காட யாரை வேண்டுமானாலும் எழுத்தில் நியமிக்கலாம். அந்தக் கடிதத்தில் அவர் தன் கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும், ஆபீசர் மேலொப்பமிட வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் மனைவி என்ற முறையில் மட்டும் போய் நின்றால் உங்கள் பேச்சு எடுபடாது.

இரண்டு, 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம். அவர் சிறப்பு நிலைமையிலோ போர் நிலைமையிலோ பணியாற்றுகிறார் என்று உரிய அதிகாரி சான்று தந்தால், நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவைக்கும். சில வகை வழக்குகளுக்கு விலக்கு உண்டு.

மூன்று, ராணுவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு. வழக்குக்காக விடுப்பு எடுத்திருக்கிறார் என்ற சான்றைக் காட்டினால், முடிந்தவரை அந்த விடுப்புக்குள்ளேயே விசாரணையை முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987 சட்டம் சொல்கிறது. சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுத்தால் போதும். 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய சட்டப் பணிகள் ஆணையம் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. சைனிக் நல அலுவலகத்தில் அதைக் கேளுங்கள்.

வரப்பை வெட்டிய இடத்தைத் தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள். பட்டாவும் புலப்படமும் எடுத்து, சர்வேயரை வைத்து அளக்க மனு போடுங்கள். பாகூர் புதுச்சேரி வருவாய்த் துறையின் கீழ் வருகிறது. எல்லை தாண்டிக் கடலூர் வட்டத்தில் நிலம் இருந்தால் அது தமிழ்நாட்டு அலுவலகம். அடுத்த லீவில் அவர் நிலத்துக்கு பவர் எழுதுவதாக இருந்தால் சார்பதிவாளர் முன்பு பதிய வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் போட்ட பவரை வைத்துப் பத்திரம் பதிய முடியாது.

நாலு வயது மகள் அப்பா வீடியோ காலில் வந்தால் ஓடி ஒளிந்துகொள்கிறாள். அவர் மனம் ஒடிந்துபோகிறார்.
*வாசகி, லாஸ்பேட்டை*

குழந்தைக்குக் கோபம் இருக்கிறது, அதைச் சொல்ல வார்த்தை இல்லை. அவ்வளவுதான், பாசம் போகவில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

‘அப்பாகிட்ட பேசு, முத்தம் கொடு’ என்று போனை முகத்தில் நீட்டாதீர்கள். அவள் படம் வரையும்போதோ சாப்பிடும்போதோ போனைச் சற்றுத் தள்ளிச் சாய்த்து வைத்து, நீங்கள் இருவரும் பேசுங்கள். இரண்டு மூன்று முறையில் தானாக எட்டிப் பார்ப்பாள். ‘சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா’ என்ற கேள்விகளுக்கு நாலு வயசு பதில் சொல்லாது. அவர் கையில் ஏதாவது ஒன்றைக் காட்டட்டும்: ஒரு கூழாங்கல், பனி, முகாம் நாய். யூனிட் போர்டு, வண்டி எண், பின்னால் தெரியும் மலை வேண்டாம். நீங்களும் அதை ஸ்டேட்டஸில் போட வேண்டாம். இணைப்பு கிடைக்காத நாட்களுக்காக, லீவில் இருக்கும்போதே 3 நிமிடக் கதைகள் பத்துப் பதினைந்தை அவர் குரலில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் நேரத்தில் தினமும் ஒன்று.

‘அப்பா வரட்டும், சொல்றேன்’ என்று மிரட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பல மாதம் கழித்து வாசலில் நிற்கும் மனிதரைத் தண்டனை கொடுக்க வந்தவராக நீங்களே ஆக்கிவிடுகிறீர்கள்.

லீவில் வந்த முதல் மூன்று நாட்கள் உறவினர் வீட்டு விருந்துகளைத் தள்ளிப்போடுங்கள். குழந்தை உங்கள் பக்கத்தில்தான் படுக்கும், அவரை அந்நியர் போலப் பார்க்கும். கட்டாயப்படுத்தாமல் குளிப்பாட்டுவது, பால்வாடிக்குக் கொண்டு விடுவது என்று ஒரு வேலையை அவருடையதாக்குங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்; அப்பாவும் மகளும் மட்டும் நடந்துவிட்டு வரட்டும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே பயம். கெடிலம் ஏறினால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வயதானவர்களோடு தனியாக இருக்கிறேன்.
*வாசகி, திருப்பாதிரிப்புலியூர்*

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இங்கேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோது மழைக்குப் பிறகு தென்பெண்ணை கரை புரண்டது. இரண்டு முறையும் மின்சாரத்தோடு செல்போனும் படுத்தது. அப்போது இங்கே நீங்கள் தவிப்பது போலவே, டி.வி.யில் கடலூரைப் பார்த்துக்கொண்டு அங்கே உங்கள் கணவர் தவிப்பார். இதற்கு ஒரு வழி: மாவட்டத்துக்கு வெளியே, வேலூரிலோ சேலத்திலோ உள்ள உறவினர் ஒருவரின் எண்ணை அவரிடமும் யூனிட்டிலும் கொடுத்து வையுங்கள். உங்களுக்கு எங்காவது சிக்னல் கிடைத்தால் அந்த உறவினருக்கு ஒரு குறுஞ்செய்தி. உங்கள் கணவர் கூப்பிட்டாலும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும்.

பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பத்திரங்களை இன்றே மேலே ஏற்றுங்கள், வெள்ளம் முதலில் நனைப்பது அதைத்தான். பார்ட் டூ ஆர்டர் நகல், திருமணச் சான்று, பிறப்புச் சான்று, இன்ஷூரன்ஸ் நாமினி விவரம், நிலப்பத்திரம் எல்லாம் ஜிப் உள்ள இரட்டைப் பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். ஆதாரும் பான் கார்டும் டிஜிலாக்கரில் ஏறட்டும். முதியவர்களுக்கு 15 நாள் மருந்து, இன்சுலின் இருந்தால் ஐஸ் வைக்கும் தெர்மாஸ். தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள், தொட்ட பிறகு அதன் பக்கம் போகாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. சேலைக்கட்டில் தூக்க வேண்டிய முதியவர் இருந்தால், எச்சரிக்கை வந்த அன்று பகலிலேயே மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். இரவில் நாலு பேரைத் தேட முடியாது.

தேர்தலில் கணவர் ஓட்டை நான் போடலாமா?
*வாசகி, அரியாங்குப்பம்*

போடலாம், அவர் உங்களைப் பிராக்ஸியாக (பதிலாளாக) நியமித்திருந்தால். முதலில் அவர் படிவம் 2 வழியாக சர்வீஸ் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். பிறகு படிவம் 13எஃப்-இல் கமாண்டிங் ஆபீசர் முன்பு அவர் கையெழுத்திட்டு உங்களுக்கு அனுப்புவார். நீங்கள் நோட்டரி அல்லது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்பு கையெழுத்திட்டுத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஓட்டுக்கு இடது கை நடுவிரலில் மை வைப்பார்கள். உங்கள் ஓட்டு வழக்கம் போல உங்களுக்கு உண்டு. பிராக்ஸி வேண்டாம் என்றால் அவருக்கு மின்னணு வழியில் தபால் வாக்குச்சீட்டு போகும்.

என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார். குழந்தை புதுச்சேரியில் பிறந்தது. இந்தியப் பிறப்புச் சான்று போதுமா?
*வாசகி, முதலியார்பேட்டை*

சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே இது தெரிந்திருக்கும். போதாது. மரைன் வீதியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதற்கு முன் உங்கள் திருமணம் ஏறியிருக்க வேண்டும். வரிசை மாறினால் கோப்பு நிற்கும். பிறகு லிவ்ரே தெ ஃபமீல் என்ற குடும்பப் பதிவுப் புத்தகத்தில் குழந்தையின் பெயர் சேரும். பெயரின் எழுத்துகள் பற்றி மேலே குறிஞ்சிப்பாடி வாசகிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும், இரண்டு மடங்காக.

2025 மே மாதம் லீவில் வந்த கணவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். டி.வி.யைப் பார்த்துப் பார்த்து மூன்று இரவு தூங்கவில்லை. மறுபடி அப்படி வந்தால் என்ன செய்வது?
*வாசகி, மஞ்சக்குப்பம்*

மே 7-இல் ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது, 10-இல் சண்டை நின்றது. அந்த நான்கு நாளில் டி.வி.யிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடிய எத்தனையோ செய்திகள் பொய் என்று பிறகு தெரிந்தது. உங்கள் பயத்தை நாங்கள் சின்னதாக நினைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறோம்: உங்கள் வீட்டைப் பற்றிய உண்மைச் செய்தி டி.வி. வழியாக வராது. யூனிட்டோ, ரெக்கார்ட்ஸோ, அவர்கள் சொல்லி மாவட்ட நிர்வாகமோ நேராக உங்களிடம் வரும். அப்படி யாரும் வராத நேரத்தில், அவர் போன் எடுக்கவில்லை என்பதற்கு ஒரே பொருள், போன் அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான்.

பதினைந்து முறை அவர் எண்ணை அழைக்காதீர்கள். ‘எல்லாரும் நலம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது’ என்று ஒரு செய்தி போட்டு வையுங்கள்; சிக்னல் வந்ததும் முதலில் அதைப் பார்ப்பார். யூனிட் நகர்வு, வண்டி வரிசை, ரயில் பற்றி யார் கேட்டாலும், சொந்தத் தம்பி கேட்டாலும், தெரியாது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. இப்படிப்பட்ட நாட்களில்தான் ‘கமாண்டிங் ஆபீசர் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணவருக்கு அடிபட்டிருக்கிறது, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று மோசடி அழைப்புகள் வருகின்றன. காயமடைந்த படைவீரருக்கு ராணுவ மருத்துவமனையில் வைத்தியம் நடக்கும், குடும்பத்திடம் பணம் கேட்க மாட்டார்கள். அழைப்பைத் துண்டித்து, சுவரில் ஒட்டிய யூனிட் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பணம் அனுப்பிவிட்டால் அந்த மணி நேரத்துக்குள் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், அடுத்த கணக்குக்கு நகரும் முன் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது.